ஈ அடங்கும்வரை

அக்டோபர் 6, திங்கள்

அறிவியல் கண்காட்சிக்குச் சீட்டு எடுத்தோம். மற்றவர்களுக்கு எரிமலை, சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு என்று வந்தது. என் சீட்டில் “பால் பண்ணையில் பூச்சிகள்: அவை கிருமிகளைச் சுமக்கும் விதம்” என்று இருந்தது. வகுப்பே சிரித்தது. “ஈ மதுநிஷா” என்று பின் பெஞ்சிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எனக்கு அந்தத் தலைப்பு பிடித்திருந்தது. மற்றவர்களால் எரிமலையைப் பார்க்க முடியாது. என் வீட்டில் நான்கு மாடுகள் இருக்கின்றன.

ஷகிலா டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, “தேதி போட்டு எழுது. பார்த்தத மட்டும் எழுது, நெனச்சத எழுதாத. அதுதான் அறிவியல்” என்றார். அப்படியே செய்யப்போகிறேன்.

பார்த்தது: மாடுகளைக் கட்டும் எங்கள் கட்டுத்தரையில் இரண்டு வகை ஈ இருக்கிறது. ஒன்று சாணத்திலும் மாட்டின் கண்ணிலும் மடிக்காம்பிலும் மாறி மாறி உட்காருகிறது. இன்னொன்று மாட்டின் காலில் தலை மேலாக உட்கார்ந்து கடிக்கிறது. மாடுகள் காலை உதறிக்கொண்டே இருக்கின்றன. சுட்டிதான் அதிகம் உதறுகிறாள். அவள் நெற்றியில் வெள்ளைப் பொட்டு உண்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரி மாமாவின் கோழிப்பண்ணை. அம்மாவின் அண்ணன். மழை பெய்தால் அங்கே கோழி எரு நனைந்து, ஈ கருப்பாக மொய்க்கும். நாமக்கல் பக்கம் இது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

அம்மா போன வாரத்திலிருந்து மாமா வீட்டில் இருக்கிறாள். “இந்த ஈ அடங்கற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்” என்று அப்பா சொன்னார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். அம்மா ஈக்கு ஒதுங்கி, ஈ அதிகமாக இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறாள். இது நினைத்தது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று டீச்சரைக் கேட்க வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

பால் சொசைட்டியில் எங்கள் பாலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுட்டியின் பாலில் தயிர்போலத் திப்பி திப்பியாக வந்திருக்கிறது. மடியில் ஒரு பக்கம் சூடாக, கல்போல இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். உதைத்தாள். என்மேல் படவில்லை.

அப்பா கேனைக் கவிழ்த்துப் பாலைத் தென்னை மரத்தடியில் ஊற்றினார். “பாத்தியா? எல்லாம் உங்க மாமன் கோழி ஈ பண்ற வேலை. இத எழுதிக்க உன் நோட்டுல” என்றார்.

எழுதிக்கொண்டேன்.

அம்மா இருந்தபோது அவள்தான் கறப்பாள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு துணி வைத்திருப்பாள், பழைய வேட்டியைக் கிழித்தது. கறந்து முடித்ததும் வெந்நீரில் அலசிக் கொடியில் போடுவாள். இப்போது அப்பா கறக்கிறார். தோளில் இருக்கும் துண்டால் சுட்டியின் மடியைத் துடைத்தார். பிறகு அதே துண்டால் அடுத்த மாட்டை, அதற்கடுத்ததை. கடைசியில் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்டோபர் 11, சனி

அப்பாவுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, வேலிக் கடவு வழியாக மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை முட்டைத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாடி ஈ டாக்டரு. எங்க கோழியப் புடிச்சு ஜெயில்ல போடத்தான வந்த?”

“இல்லைங்கத்தை, ஈ புடிக்க வந்தேன்.”

“புடிச்சுட்டுப் போ. வேண்டிய மட்டும் இருக்குது. வெலையெல்லாம் கேக்க மாட்டேன்.”

அம்மா அடுப்படியில் இருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அத்தைதான் சொன்னாள்: “வலது பக்கம் வந்து பேசு கண்ணு. இடது காது கேக்கறதில்ல. சவ்வு கிழிஞ்சிருக்குதுன்னு டாக்டர் சொல்லீட்டாரு.”

“எப்படிம்மா?” என்று கேட்டேன்.

“கட்டுத்தரையில வழுக்கி விழுந்துட்டேன்.”

நான் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அப்பா சொல்லச் சொன்னதைச் சொன்னேன்: “தீபாவளிக்குள்ள வந்துரச் சொன்னாரு.” அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே, “ஈ அடங்கட்டும்னு சொல்லு” என்றாள். வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னேன்.

பள்ளி நூலகத்தில் காது பற்றிய புத்தகம் இருக்கிறது. வழுக்கி விழுந்தால் காதுச் சவ்வு கிழியுமா என்று திங்களன்று தேடிப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

தேடிப் பார்த்தேன். வழுக்கி விழுவதைப் பற்றி அந்தப் பக்கத்தில் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

இன்று கட்டுத்தரை கழுவும்போது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கண்ணாடி வளையல் துண்டுகள் கிடந்தன. பச்சை. மாட்டின் குளம்பில் குத்திவிடும் என்பதால் எல்லாவற்றையும் பொறுக்கி, காகிதத்தில் மடித்துக் குப்பைக்குழியில் ஆழமாகப் புதைத்தேன். தொட்டியடியில் தரை சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. போன வருடம் அப்பாவே சிமெண்டில் கோடு கீறிப் போட்டார், மாடு வழுக்கக் கூடாதென்று.

ஷகிலா டீச்சர் ஆய்வகத்திலிருந்து மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள் நான்கு கொடுத்தார். கடல்பாசியைக் காய்ச்சி, கோழிச்சாறு கலந்து ஊற்றினால் ஆறியதும் அல்வாபோல இறுகும். கிருமிக்கு அது சாப்பாடு. கண்ணுக்குத் தெரியாத கிருமி அதில் பெருகிப் பெருகிப் புள்ளியாகத் தெரியும். சாறு காய்ச்ச அத்தையிடம் கோழி கேட்டேன். “எங்க கோழிமேல கேஸ் போட எங்க கோழியே வேணுமா?” என்றாள். கொடுத்தாள்.

முதல் தட்டு: எதுவும் படாமல் மூடி வைத்தேன்.
இரண்டாவது: மாமா பண்ணையில் பிடித்த ஈயை நடக்கவிட்டேன்.
மூன்றாவது: எங்கள் கட்டுத்தரையில் பிடித்த ஈ.
நான்காவது இப்போதைக்குச் சும்மா இருக்கட்டும். வீணாக்க வேண்டாம்.

அக்டோபர் 20, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்குக் கை எட்டவில்லை.

அப்பா ஜிலேபி வாங்கி வந்தார். சுட்டியின் மடியில் இன்னொரு காம்பும் வீங்கிவிட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

தட்டுகளைத் திறக்காமல் பார்த்தேன். முதல் தட்டு சுத்தமாக இருக்கிறது. மற்ற இரண்டிலும் ஈ நடந்த வழியெல்லாம் புள்ளிகள். வெள்ளை, மஞ்சள், ஒன்று மட்டும் ரோஜா நிறம். ஈயின் காலடிகள் முளைத்து வந்ததுபோல வரிசையாக இருக்கின்றன. மிக அழகு. வகுப்பில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இன்று யாரும் “ஈ மதுநிஷா” என்று கூப்பிடவில்லை.

முடிவு: ஈ கிருமியை உண்டாக்குவதில்லை. ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறது. என்ன கொண்டுபோகிறோம் என்று அதற்குத் தெரியாது.

மாமாவின் ஈக்கும் எங்கள் ஈக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் கறக்கும்போது சுட்டி உதைத்துவிட்டாள். பால் கொட்டியது. அப்பா முக்காலியை எடுத்து அவளை அடித்தார். முக்காலியின் கால் ஒன்று கழன்று விழும்வரை. பிறகு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “என்ன சாமி பண்றது, என்ன பண்றது” என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கொட்டிய பாலின்மேல் சாம்பல் போட்டேன். விட்டால் ஈ வரும்.

மதியம் கால்நடை டாக்டர் வந்தார். எழிலரசி என்று பெயர், பெண் டாக்டர். குழி குழியான ஒரு தட்டில் ஒவ்வொரு மாட்டின் பாலையும் பீய்ச்சி, ஊதா நிற மருந்தை விட்டுச் சுழற்றினார். சுட்டியின் பால் கூழாக இறுகியது. அடுத்த மாட்டின் பாலும் இறுகியது. மூன்றாவதும்.

“எல்லாம் இந்த ஈயாலதானுங்க டாக்டர்?” என்று அப்பா கேட்டார்.

“ஈயும் கொண்டுபோகும். கறக்கற கையும் கொண்டுபோகும், தொடைக்கற துணியும் கொண்டுபோகும். ஈ மேல மட்டும் பழி போடாதீங்க.” ஊசி போட்டுவிட்டு, சுட்டியின் விலாவைத் தடவிப் பார்த்தார். “இது என்ன தடிப்பு?”

“வழுக்கி விழுந்துருச்சுங்க” என்றார் அப்பா.

அக்டோபர் 27, திங்கள்

அப்பா குளிக்கப் போனபோது துண்டின் ஒரு முனையை நான்காவது தட்டில் ஒற்றி எடுத்து, மூடி வைத்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

நான்காவது தட்டில் புள்ளியே இல்லை. இடைவெளி இருந்தால்தானே புள்ளி தெரியும். முழுத்தட்டும் மஞ்சளாகப் படர்ந்திருக்கிறது. ஈயின் தட்டுகளை இதற்குப் பக்கத்தில் வைத்தால் அவை காலியாக இருப்பதுபோலத் தெரிகின்றன. இவ்வளவு தெளிவான முடிவு கிடைக்குமென்று எதிர்பார்க்கவே இல்லை. பள்ளி வண்டியில் வரும்போதே எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டு வந்தேன். துண்டை மாற்றினால் மாடு குணமாகும். மாடு குணமானால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. அம்மா வந்துவிடலாம்.

அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தட்டை அவர் கையில் கொடுத்தேன்.

“இது எந்த ஈ?” என்று கேட்டார்.

“ஈ இல்லைங்கப்பா. உங்க துண்டு.”

அக்டோபர் 31, வெள்ளி

இன்று பள்ளிக்குப் போகவில்லை. கட்டுத்தரையில் வழுக்கி விழுந்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

நான்காவது தட்டு உடைந்துவிட்டது. கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிப் புதைத்தேன். டீச்சரிடம் தட்டுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அப்பா நாமக்கல் போய் எனக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்தார். பித்தளை வளையம் போட்டது, நல்ல கனம். அதில் பார்த்தால் ஈயின் காலில் மயிர் தெரிகிறது. “புடிச்சிருக்குதா அம்மிணி?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன்.

அம்மா வழுக்கி விழுந்தபோதெல்லாம் அப்பா ஏதாவது வாங்கி வருவார். எங்கள் வீட்டு மிக்சி அப்படி வந்ததுதான். சுவர்க் கடிகாரமும்.

நவம்பர் 2, ஞாயிறு

சமாதானம் பேச மாமா வந்தார். அப்பாவின் பங்காளி பெரியப்பா ஒருவர் நடுவில் உட்கார்ந்தார். அம்மா வரவில்லை. நான் காப்பி கொடுத்தேன். வலது கன்னத்தின்மேல் முடி விழும்படி பின்னியிருந்தேன்.

அப்பா என்னை, “அந்தத் தட்டக் கொண்டாந்து காட்டு” என்றார். இரண்டாவது தட்டைக் கொண்டுவந்து காட்டினேன். மாமா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பரவாயில்லையே, எங்க ஈ கோலமெல்லாம் போடுது.”

பெரியப்பா, “சரி அர்த்தநாரி, நீ எருவ அப்பப்ப அள்ளிச் சுண்ணாம்பு போட்டு வெச்சுக்க. ஈ அடங்கிருச்சுன்னா தங்கச்சியக் கொண்டாந்து உட்டுரு. இதுல என்ன இருக்குது” என்றார்.

“போட்டுர்றேனுங்க.” மாமா காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். “ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் மாப்ள. ஈ கடிச்சுக் காது சவ்வு கிழியுமா?”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சுட்டி அப்போது கத்தினாள்.

“அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்றார் பெரியப்பா. “ஈயப் பத்திப் பேச வந்தோம். ஈயப் பத்தி மட்டும் பேசுங்க.”

பிறகு ஈயைப் பற்றிப் பேசினார்கள்.

நவம்பர் 5, புதன்

மாமா ஆள் வைத்து எரு முழுவதையும் அள்ளிச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகத் தெரிகிறது. நானும் எங்கள் குப்பைக்குழியில் ஈர வைக்கோலைக் கிளறிக் காயவைத்தேன். கடிக்கிற ஈயின் புழுக்கள் அதில்தான் இருந்தன. அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கட்டுத்தரையில் ஈ இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. மாடுகள் காலை உதறாமல் நிற்கின்றன.

நான்காவது மாட்டின் மடியும் வீங்கிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

அப்பா கறந்து முடித்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்குப் போயி உங்கம்மாகிட்டச் சொல்லு. ஈ அடங்கிருச்சு. புதன்கிழமை நல்ல நேரம் காலையில. நானே வண்டி கொண்டாறேன். சேலை எடுத்து வெச்சிருக்கேன்னும் சொல்லு.”

பீரோவைத் திறந்து காட்டினார். மயில்கழுத்து நிறம்.

அம்மாவுக்குப் பிடித்த நிறம்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

பள்ளிக்குக் கிளம்பும்முன் கடவு வழியாகப் போனேன். அம்மா முன்பே பையை எடுத்து வைத்திருந்தாள். பெரியப்பா வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சேலை, சீப்பு, காது மருந்து எல்லாம் பையில் இருந்தன. மேலே நான்கு துணிகள், வெள்ளையாகத் துவைத்து மடித்தவை. மாட்டுக்கு. சொட்டு மருந்து விட்டும் இடது காது இன்னும் திறக்கவில்லை. இனித் திறக்காது என்று அத்தை சொன்னாள்.

அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளுடைய இடது பக்கம் போய் நின்றேன். அப்பா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். ஈ அடங்கிருச்சு. புதன்கிழமை. வண்டி. மயில்கழுத்துச் சேலை. ஒரு சொல் விடாமல், மெதுவாகச் சொன்னேன். அம்மா பால் காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சுற்றி வலது பக்கம் வந்தேன்.

“எப்ப வந்த? வந்ததே தெரியல.” அம்மா என் முடியை ஒதுக்கினாள். கை அப்படியே நின்றது. கன்றிய இடம் மஞ்சளாகத்தான் மாறியிருந்தது, நன்றாகப் பார்த்தால்தான் தெரியும். “கன்னத்துல என்ன?”

“கட்டுத்தரையில வழுக்கி விழுந்துட்டேன்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மா அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

அம்மா கேட்டாள்: “ஈ அடங்கிருச்சா அங்க?”

“இன்னும் இல்லைம்மா” என்றேன்.

ஈயைப் பற்றிப் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

அம்மா எழுந்தாள். பையிலிருந்த சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். சீப்பை ஆணியில் மாட்டினாள். நான்கு துணிகளை மட்டும் பையிலேயே விட்டு, பையை என் கையில் கொடுத்தாள்.

“துணியக் கட்டுத்தரையில வெச்சுரு. உன் புஸ்தகத்தையெல்லாம் இதுல போட்டுக் கொண்டாந்துரு. துணிமணி கெடக்குது, வாங்கிக்கலாம். மாமாவ வேணும்னாக் கூடக் கூட்டிட்டுப் போ.”

மாமா கடவுவரை வந்து நின்றுகொண்டார். நான் உள்ளே போய்ப் புத்தகங்கள், இந்த நோட்டு, மூன்று தட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். நான்கு துணிகளையும் கட்டுத்தரைக் கொடியில் போட்டேன். கலர் நூலால் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறாள். எது எந்த மாட்டுக்கு என்று அப்பாவுக்குத் தெரியாது. சுட்டிக்குச் சிவப்பு. சுட்டியின் கழுத்தைத் தடவினேன். பேசாமல் நின்றாள்.

வெளியே வரும்போது சொசைட்டியிலிருந்து அப்பா வண்டியில் வந்தார். நிறுத்தினார். பையைப் பார்த்தார், கடவுப் பக்கம் நின்ற மாமாவைப் பார்த்தார்.

“அம்மாகிட்டச் சொன்னயா?”

“எல்லாஞ் சொல்லீட்டேனுங்கப்பா.”

அது உண்மை.

நவம்பர் 12, புதன்

காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் வண்டி ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரம் நிற்காமல் அடித்தது. எனக்குக் கேட்டது. அம்மா வலது காதைத் தலையணையில் வைத்து, இடது காது மேலாகப் படுத்திருந்தாள், அசையவில்லை. மாமா எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பூதக்கண்ணாடியை எடுத்து வரவில்லை.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. மூன்று தட்டு மட்டும் போதுமா என்று ஷகிலா டீச்சரைக் கேட்டேன். “நாலாவது எங்க?” என்றார். சொன்னேன். அது எதைத் தொட்டது, எப்படி உடைந்தது, எல்லாம் சொன்னேன். டீச்சர் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டார். எனக்கு இரண்டு காதும் கேட்கும் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன்.

பார்த்தது: சுண்ணாம்பு போட்டும் இங்கே ஈ இருக்கிறது. சாப்பிடும்போது தட்டைச் சுற்றி வருகிறது. அம்மா ஒரு கையால் விசிறுகிறாள், ஒரு கையால் சாப்பிடுகிறாள். நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.